நெய்யாறு அணையும் ஒரு பிறந்தநாள் புத்தகமும்

பீட்டில்ஸ் குழுவுக்கும் இந்தியாவுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் ரிஷிகேஷில்தான் போய் நிற்பார்கள். 1968 பிப்ரவரி, கங்கைக்கரை, மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமம், கழுத்தில் பூமாலையோடு நான்கு ஆங்கிலேய இளைஞர்கள். அந்தப் படம் அவ்வளவு பிரபலம். ஆசிரமம் கைவிடப்பட்டுக் காடு மண்டிக் கிடந்தது. 2015-ல் வனத்துறை அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. இப்போது கட்டணம் கட்டி உள்ளே போய், இடிந்த சுவர்களில் யாரோ வரைந்த பீட்டில்ஸ் முகங்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ரிஷிகேஷ் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். அந்த உறவின் வேரைப் பார்க்க வேண்டுமென்றால் தெற்கே வர வேண்டும். திருவனந்தபுரத்தில் இறங்கி காட்டாக்கடை பஸ் பிடிக்க வேண்டும்.

தம்பானூரில் ரயில் நிலையமும் கேஎஸ்ஆர்டிசி பஸ் நிலையமும் எதிரெதிரே இருப்பது வசதி. பஸ் நிலையத்தை ஒட்டியே லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. செங்கல் நிறத்தில் சுருண்டு மேலேறும் கட்டடம். உள்ளே தனித்தனி மாடிகள் கிடையாது. ஒரே சாய்தளம் வட்டமிட்டு ஏறிக்கொண்டே போகிறது. வெளிச்சுவரை ஒட்டி மேசைகள். காலையில் மசாலா தோசை சொன்னால் உள்ளே பீட்ரூட் கலந்த சிவந்த மசாலா வரும். தமிழ்நாட்டு நாக்குக்கு முதலில் அது கொஞ்சம் இனிப்பாகத் தெரியும், பழகினால் விடாது. பேக்கர் பர்மிங்காமில் பிறந்தவர். இந்தியாவுக்கு வந்து இங்கேயே தங்கி, இதே ஊரில் 2007-ல் காலமானார். இங்கிலாந்தில் பிறந்த ஒருவர் இந்த மண்ணுக்குத் தன்னை முழுதாகக் கொடுத்ததற்கு அந்தக் கட்டடமே சாட்சி. நான் தேடிப்போன கதை எதிர்த்திசையில் நடந்தது. இந்த மண்ணிலிருந்து கிளம்பிய ஒருவர் நான்கு ஆங்கிலேயர் கையில் எதையோ கொடுத்துவிட்டுப் போன கதை.

நகரத்தைத் தாண்டியதும் சாலை ஏறி இறங்கத் தொடங்குகிறது. பூஜப்புரை, திருமலை, மலையின்கீழ், காட்டாக்கடை. ரப்பர் தோட்டங்கள் வந்த பிறகு வெயில் தணிந்துவிடும். மொத்தம் முப்பது கிலோமீட்டர்தான். வளைவுகளால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நெய்யாறு அணைக்கு வருகிற பெரும்பாலோர் அணைப் பூங்காவையும் முதலைப் பண்ணையையும் பார்த்துவிட்டு, படகில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஏரிக்கரைச் சரிவில் இருக்கும் சிவானந்த யோக வேதாந்த தன்வந்திரி ஆசிரமத்தைத் தேடி வருகிறவர்களில் வெளிநாட்டுக்காரர்களே அதிகம்.

டீக்கடையில் வழி கேட்டேன். கடைக்காரர் குமரி மாவட்டத் தமிழில் பதில் சொன்னார். "ஆசிரமத்துக்கா சார்? வெள்ளக்காரங்க போற எடம்தானே. நேரே மேல போங்க." நான் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "இந்தத் தண்ணிதான் சார் எங்க ஊருக்கு வந்துட்டிருந்துச்சு" என்று அணைப் பக்கம் கையைக் காட்டினார். அவர் சொந்த ஊர் விளவங்கோடு பக்கம். நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாயில் அந்த வட்டத்துக்கு வந்துகொண்டிருந்த பாசன நீரை 2004-ல் கேரளம் நிறுத்தியது. தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் வரை போனது. பீட்டில்ஸைத் தேடி வந்தவனுக்கு முதலில் காதில் விழுந்தது தண்ணீர்க் கணக்கு. ஆற்றங்கரைக்காரர்கள் பேச வேண்டியதும் அதுதான்.

ஆசிரமத்தின் முன்கூடத்தில் இரண்டு பெரிய படங்கள். ஒன்று சுவாமி சிவானந்தர். இன்னொன்று அவருடைய சீடரும் இந்த ஆசிரமத்தை நிறுவியவருமான சுவாமி விஷ்ணுதேவானந்தர். நம் கதையின் நாயகர் அவர்தான்.

விஷ்ணுதேவானந்தர் 1927 டிசம்பர் 31-ல் கேரளத்தில் பிறந்தார். இயற்பெயர் குட்டன் நாயர். படித்து முடித்ததும் ராணுவத்தின் பொறியியல் பிரிவில் சேர்ந்தார். ஒருநாள் காணாமல்போன ஏதோ ஒரு காகிதத்தைத் தேடிக் குப்பைக்கூடையைக் கிளறியபோது, சிவானந்தர் எழுதிய ஒரு துண்டுப் பிரசுரம் கையில் கிடைத்தது. படித்தார். விடுப்பு கிடைத்ததும் ரிஷிகேஷுக்குப் போனார். பிறகு ராணுவத்தை விட்டு 1947-ல் ஆசிரமத்திலேயே தங்கிவிட்டார். இருபது வயதுகூட நிரம்பாத பையன். ஹட யோகத்தில் அவருக்கு இருந்த தேர்ச்சியைப் பார்த்து சிவானந்தர் அவரையே ஆசிரியராக்கினார். 1957-ல் கையில் பத்து ரூபாயைக் கொடுத்து மேற்கே அனுப்பினார் என்று ஆசிரமத்தில் இன்றும் சொல்கிறார்கள். அமெரிக்கா போய், கனடாவின் மாண்ட்ரியல் நகரில் மையம் தொடங்கி, 1960-ல் யோகாசனங்களைப் படங்களோடு விளக்கும் ஒரு பெரிய புத்தகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

அந்தப் புத்தகம் ஆசிரமக் கடையில் விற்பனைக்கு இருக்கிறது. நான் அதை நெடுநேரம் புரட்டிக்கொண்டிருந்தேன். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். ஆசனங்களைச் செய்து காட்டுகிறவர் அவரேதான். மயூராசனத்தில் இரண்டு உள்ளங்கை மட்டும் தரையில் ஊன்ற, முழு உடலும் பலகைபோல் கிடையாக நிற்கிறது. விருச்சிகாசனத்தில் பாதம் தலையைத் தொடுகிறது. பின்னணியில் அலங்காரம் எதுவும் இல்லை. முகத்தில் சிரமம் துளியும் தெரியவில்லை. பிராணாயாமம், உணவு, தியானம் என்று மற்றவையும் உண்டு. யோகா என்ற சொல்லே மேற்கில் வித்தையாகப் பார்க்கப்பட்ட காலத்தில் இவ்வளவு ஒழுங்கான ஒரு பாடப்புத்தகத்தை முப்பத்திரண்டு வயதுக்காரர் எழுதியிருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய வியப்பு.

இந்தப் புத்தகம் பீட்டில்ஸ் கைக்குப் போன விதம் இன்னும் பெரிய வியப்பு. 1965 பிப்ரவரியில் பீட்டில்ஸ் தங்களது இரண்டாவது படமான 'ஹெல்ப்!' படப்பிடிப்புக்காகக் கரீபியன் பக்கமுள்ள பஹாமா தீவுகளுக்குப் போனார்கள். அந்தப் படத்தின் கதை என்ன தெரியுமா? கீழ்த்திசையைச் சேர்ந்த ஒரு கூட்டம். அவர்களுக்குப் பல கைகள் கொண்ட ஒரு தேவி. நரபலி கொடுக்க ஒரு மோதிரம் வேண்டும். அது டிரம்ஸ் வாசிக்கும் ரிங்கோ ஸ்டாரின் விரலில் மாட்டிக்கொள்கிறது. நம்முடைய காளியை மனதில் வைத்துச் செய்த கேலிச்சித்திரம் என்பதில் சந்தேகமே இல்லை. எட்டுக் கைகளைக் குறிப்பிடும் ஒரு பெயரைத்தான் முதலில் படத்துக்கு வைக்க நினைத்தார்கள். இந்து வழிபாட்டைப் பரிகாசம் செய்யும் அந்தப் படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்கே காவியுடையில் ஒரு நிஜச் சந்நியாசி வந்து சேர்ந்தார். நால்வரும் சைக்கிளோடு அடுத்த காட்சிக்காகச் சாலையில் காத்திருந்த நேரம். விஷ்ணுதேவானந்தர் தன் புத்தகத்தில் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். அன்று பிப்ரவரி 25. கிடாரிஸ்ட் ஜார்ஜ் ஹாரிசனின் 22-வது பிறந்தநாள்.

ஹாரிசன் அப்போது அதை ஊன்றிப் படிக்கவில்லை. பின்னால் இந்தியாவின் மீது நாட்டம் வந்தபிறகு எடுத்துப் பார்த்து, பிறந்தநாளில் அது தன் கைக்கு வந்தது தற்செயல் இல்லை என்று உணர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார். நான் அவரை நம்புகிறேன். ஏனென்றால் அடுத்தடுத்து நடந்தவை அப்படி. அதே ஏப்ரலில், அதே படத்துக்காக லண்டனில் ஒரு இந்திய உணவகக் காட்சி எடுத்தார்கள். அங்கே வாசிக்க வந்த இந்தியக் கலைஞர்களின் சிதாரை ஹாரிசன் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு லண்டன் ஆக்ஸ்ஃபோர்ட் தெருக் கடை ஒன்றில் சொந்தமாக ஒன்று வாங்கினார். அக்டோபரில் பதிவான 'நார்வீஜியன் வுட்' பாடலில் அதை வாசித்தார். சிதாரை அவர் முறைப்படி கற்றிருக்கவில்லை. அந்த வாசிப்பில் ஒரு குழந்தையின் ஆர்வம் தெரியும். ஆனாலும் ராக் இசை கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையின் காதில் சிதார் முதன்முதலாக விழுந்தது பெரும்பாலும் அந்தப் பாட்டின் வழியாகத்தான்.

1966 ஜூனில் ரவிசங்கரைச் சந்தித்தார். லண்டனில் ஏஷியன் மியூசிக் சர்க்கிள் என்ற அமைப்பை நடத்திவந்த, கர்நாடகத்துக்காரரான அயனா அங்காடியின் வீட்டில் நடந்த சந்திப்பு அது. அந்த ஜூலையில் மணிலாவிலிருந்து திரும்பும் வழியில் நால்வரும் டெல்லியில் இறங்கி வாத்தியங்கள் வாங்கினார்கள். செப்டம்பரில் ஹாரிசன் பம்பாய்க்கு வந்து ரவிசங்கரிடம் சிதார் பயின்றார். 1968 ஜனவரியில் பம்பாய் எச்.எம்.வி. ஸ்டூடியோவில் இந்தியக் கலைஞர்களை வைத்து 'தி இன்னர் லைட்' பாடலுக்கான இசையைப் பதிவு செய்தார். ரிஷிகேஷ் இதற்கெல்லாம் பிறகு வருவது.

ஆசிரமத்தில் விடியற்காலை ஐந்தேகாலுக்கு மேல் மணி அடித்துவிடுகிறார்கள். ஆறு மணிக்குத் தியானமும் பஜனையும். எட்டு மணிக்கு ஆசன வகுப்பு. பத்து மணிக்குச் சாப்பாடு. கூடத்தில் நீளப் பாய் விரித்து வரிசையாக உட்கார வைத்து, பேசாமல் சாப்பிடச் சொல்கிறார்கள். வெங்காயமும் பூண்டும் கிடையாது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐரோப்பியப் பெண் தேங்காய் போட்ட தோரனைக் கையால் பிசைந்து அழகாகச் சாப்பிட்டாள். ஒருகாலத்தில் ஏரிக்கு அப்பால் இருந்த சிங்கப் பூங்காவிலிருந்து கர்ஜனை தியானக் கூடம்வரை கேட்கும் என்று பழைய ஆட்கள் சொல்கிறார்கள்.

ஆசன வகுப்பு மேடையில் நின்றால் ஏரியும் அதற்குப் பின்னால் அடுக்கடுக்காக மலைகளும் தெரிகின்றன. அந்த மலைத்தொடரில்தான் அகத்தியர்கூடம் இருக்கிறது. உயரம் 1,868 மீட்டர். நாம் பொதிகை என்று சொல்கிற அதே மலை. அதன் மேற்குச் சரிவில் விழும் மழை நெய்யாறாகி இந்த ஏரிக்கு வருகிறது. கிழக்குச் சரிவில் விழுவது தாமிரபரணியாகித் திருநெல்வேலிக்குப் போகிறது. அந்தத் தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கிற பத்தமடையில் 1887 செப்டம்பர் 8-ல் பிறந்தவர் குப்புசாமி. பாய்க்குப் பேர்போன பத்தமடைதான். மருத்துவம் படித்து, மலாயாவுக்குப் போய்ப் பத்தாண்டு காலம் தோட்டத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரிஷிகேஷ் போய் சுவாமி சிவானந்தர் ஆனார். 1936-ல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். எழுதிக்கொண்டே இருந்தார், அச்சடித்து ஊர் ஊராக அனுப்பிக்கொண்டே இருந்தார். அப்படிப் போன ஒரு துண்டுப் பிரசுரம்தான் ராணுவ அலுவலகக் குப்பைக்கூடையில் கிடந்தது. நெல்லைத் தமிழர் எழுதியது மலையாளிப் பையன் கைக்கு வந்து, அவர் எழுதியது லிவர்பூல் பையன் கைக்குப் போனது. ரிஷிகேஷில் பீட்டில்ஸ் தங்கியிருந்த இடத்துக்கு அக்கரையிலேயே சிவானந்தரின் ஆசிரமம் இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

விஷ்ணுதேவானந்தரை உலகப் பத்திரிகைகள் 'பறக்கும் சுவாமி' என்று அழைத்தன. விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, இரட்டை எஞ்சின் கொண்ட சிறிய பைப்பர் அப்பாச்சி ஒன்றை வாங்கி, சண்டை நடக்கும் இடங்களுக்கெல்லாம் அமைதி வேண்டிப் பறந்தவர் அவர். அந்த விமானத்துக்குப் பளிச்சென்று பல வண்ணத்தில் ஓவியம் தீட்டியவர் நியூயார்க் ஓவியர் பீட்டர் மேக்ஸ். பீட்டில்ஸின் 'யெல்லோ சப்மரீன்' கார்ட்டூன் படத்தை வரைந்ததும் அவரே என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அதன் கலை இயக்குநர் ஹைன்ஸ் எடெல்மன் என்ற ஜெர்மானியர். பீட்டர் மேக்ஸுக்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தமில்லை. 1971-ல் மதக்கலவரம் மூண்டிருந்த பெல்ஃபாஸ்டுக்கு விஷ்ணுதேவானந்தர் அந்த விமானத்தில் போனபோது அவரோடு தெருவில் இறங்கி அமைதிப் பாடல் பாடியவர் நகைச்சுவை நடிகர் பீட்டர் செல்லர்ஸ். பீட்டில்ஸின் 'எ ஹார்ட் டேஸ் நைட்' பாடலை ஷேக்ஸ்பியர் நாடக வசனம்போல் பேசி இசைத்தட்டு வெளியிட்டவரும் இதே செல்லர்ஸ்தான். அதே ஆண்டில் சூயஸ் கால்வாய் மேல் பறந்தபோது இஸ்ரேலியப் போர் விமானங்கள் வழிமறித்தன. 1983-ல் பெர்லின் சுவருக்கு மேற்கிலிருந்து மிக எளிய இலகுரக விமானம் ஒன்றில் பறந்து கிழக்கில் இறங்கினார். சில மணி நேரம் விசாரித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். துப்பாக்கியோடு காவல் நிற்கும் எல்லையைத் தாண்ட ஐம்பத்தைந்து வயதில் ஒருவர் கிளம்பியிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. 1993-ல் காலமானார்.

திருவனந்தபுரத்துக்குத் திரும்பி வந்தால் இன்னொரு நூல் கிடைக்கிறது. அது மகரிஷி மகேஷ் யோகியைப் பற்றியது. ஜோதிர்மடத்து சங்கராச்சாரியாரான அவருடைய குரு 1953-ல் மறைந்தபின், உத்தரகாசியில் தனிமையில் இருந்தார் மகேஷ். தென்னாட்டு யாத்திரைக்கு ஆசைப்பட்டுக் கிளம்பியவர் ராமேஸ்வரம், கன்னியாகுமரி எல்லாம் பார்த்துவிட்டுத் திருவனந்தபுரம் வந்தார். இங்கே நூலகத்தைச் சேர்ந்த ஒருவர் அவரைப் பார்த்து, நீங்கள் சொற்பொழிவு செய்வீர்களா என்று கேட்டார். அப்படித் தொடங்கியதுதான் தன் பேச்சு என்று மகரிஷியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஏழு நாள் உரை. பிறகு கேரளம் முழுக்க அழைப்பு. 1955 அக்டோபரில் கொச்சியில் மகாசம்மேளனம். அதையொட்டி வெளியானதே அவருடைய முதல் புத்தகம். 1958 ஜனவரி 1 அன்று சென்னையில் தன் ஆன்மிக இயக்கத்தை அறிவித்துவிட்டு வெளிநாடு கிளம்பினார். 1967 ஆகஸ்டில் லண்டன் ஹில்டன் ஓட்டலில் அவர் பேசியதைக் கேட்கப் போனவர்கள்தான் பீட்டில்ஸ்.

பாளையத்தில் இருக்கும் மாநில மத்திய நூலகம் 1829-ல் சுவாதித் திருநாள் காலத்தில் தொடங்கியது. சிவந்த சுவர்கள், கூரான வளைவுகள், வெளியே எந்நேரமும் போட்டித்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். அங்கே ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பேசத் தெரியுமா என்று ஒரு நூலகத்துக்காரர் கேட்காமல் விட்டிருந்தால் ரிஷிகேஷில் அந்தப் படமே எடுக்கப்பட்டிருக்குமா என்று தோன்றியது. பீட்டில்ஸுக்கு வழிகாட்டிய இருவரில் ஒருவர் கேரளத்தில் பிறந்தவர். மற்றவர் கேரளத்தில் பேசத் தொடங்கியவர். இந்த நகரத்தில் இதைச் சொல்லும் ஒரு பலகையும் என் கண்ணில் படவில்லை. கேரளச் சுற்றுலாத் துறை கோவளத்து அலைகளையும் காயல் படகுகளையும் உலகம் முழுக்க விளம்பரம் செய்கிறது; இதையும் சொல்லலாம், சொல்ல வேண்டும்.

ராக் இசை இந்த ஊரில் தங்கித்தான் இருக்கிறது. இங்கிருந்து கிளம்பிய 'அவியல்' குழு 2008-ல் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டது. எலெக்ட்ரிக் கிடார் உறும, அதன்மேல் தாய்மொழியான மலையாளத்திலேயே பாடினார்கள். ஆங்கிலத்தில் பாடினால்தான் ராக் என்றிருந்த இந்தியக் கல்லூரி மேடைகளுக்கு அது புதிய தைரியம் கொடுத்தது. கோட்டைக்ககத்து நவராத்திரி மண்டபத்தில் கச்சேரி கேட்கிற அதே ஊர் இவர்களையும் கேட்கிறது.

பீட்டில்ஸ் பிரிந்தபிறகும் இந்தக் கொடுக்கல் வாங்கல் நிற்கவில்லை. 1974-ல் ஹாரிசன் வட அமெரிக்கச் சுற்றுப்பயணம் போனபோது ரவிசங்கரின் இந்தியக் குழுவும் அதே மேடை ஏறியது. அதில் திருப்பூணித்துறைக்காரரான டி.வி. கோபாலகிருஷ்ணன் மிருதங்கம் வாசித்தார், பாடினார். நம் இளையராஜாவுக்குக் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொடுத்தவர் இவரே. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியம் இருந்தார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த லட்சுமி சங்கர் இருந்தார். அவர் பாடி அந்த ஆண்டு வெளிவந்த ஒரு பாடலை ஹாரிசனே தயாரித்தார். பழைய பீட்டில்ஸ் பாட்டுக்காகக் கூச்சல் போட்ட அரங்குகளில், முதலில் இவர்களைக் கேளுங்கள் என்று நின்றார் மனிதர். அதற்காகப் பத்திரிகைகளில் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

1996-ல் ஹாரிசன் சென்னைக்கே வந்தார். ரவிசங்கர் இசையமைக்க, வேத மந்திரங்களையும் சுலோகங்களையும் பாடகர் குழுவோடு இங்கே பதிவு செய்தார்கள். மீதி வேலை இங்கிலாந்தில் அவர் வீட்டில் நடந்தது. 1997-ல் 'சாண்ட்ஸ் ஆஃப் இந்தியா' என்று வெளியான அந்தத் தொகுப்பின் தயாரிப்பாளர் அவர்தான். கிடார், ஆட்டோஹார்ப் என்று சில இடங்களில் அவர் வாசிப்பும் இருக்கிறது. ஆனால் எங்குமே அது முன்னால் வந்து நிற்காது. மந்திரம் சொல்கிற குரல்களுக்குப் பின்னால் மெல்ல ஒலித்துக்கொண்டிருக்கும். உற்றுக் கேட்டால்தான் பிடிபடும்.